நாலாம் ஷெட்டாரின் பிரிண்டர் வைத்தியம்

நாமக்கல் மாவட்டத்திலேயே பிரிண்டர் வைத்தியம் முழுதாகத் தெரிந்தவர் ஒருவர்தான் உண்டு. அவருக்குப் பிரிண்டரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. இந்த இரண்டு வாக்கியங்களில் ஏதோ ஒன்று தப்பாக இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நான்கு வருஷம் அவருக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். எது தப்பு என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் பனமரத்துப்பட்டிக்காரன். கோழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது தட்டுக்கு வந்த பிறகு நடப்பதுதான். அப்படிப்பட்டவனுக்கு நாமக்கல்லில் ஒரு முட்டைக் கம்பெனி ஆபீசில் வேலை கிடைத்தது. கேரளாவுக்குப் போகிற முட்டை லாரிகளோடு சில காகிதங்கள் போக வேண்டும். அவற்றை அச்சடித்து டிரைவர் கையில் கொடுப்பது என் பொறுப்பு. லாரி தயாராக நிற்கும், டிரைவர் தயாராக நிற்பார், உள்ளே முட்டைகளும் வாயைத் திறக்காமல் காத்திருக்கும். காகிதம் மட்டும் வராது. ஏனென்றால் ஆபீஸ் முழுக்கும் ஒரே பிரிண்டர்தான். துணி துவைக்கிற மெஷின் அளவுக்கு இருக்கும், குணத்தில் கல்யாண வீட்டுச் சித்தப்பா. எப்போது முறுக்கிக்கொள்ளும், எதற்கு முறுக்கிக்கொண்டது, யார் போய்ச் சமாதானம் சொல்ல வேண்டும், ஒன்றும் புரியாது.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தோம். நான் பக்கவாட்டில் தட்டுவேன். ஸ்டோர் பார்த்துக்கொண்ட சரசு அக்கா சிக்கிய தாளைப் பிடித்து இழுப்பார். பாதித் தாள்தான் கையோடு வரும். மீதி உள்ளேயே குடியிருக்கும். முதலாளி வந்தால் பிளக்கைப் பிடுங்கி மாட்டிவிட்டு, "இப்ப பாரு" என்பார். பார்ப்போம். ஒன்றும் நடந்திருக்காது.

இந்தச் சமயத்தில்தான் நாலாம் ஷெட்டார் வந்தார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கம்பெனிப் பண்ணையில் நாலாம் நம்பர் ஷெட்டைப் பத்தொன்பது வருஷம் பார்த்துக்கொண்டவர். கூண்டு வரிசைகளுக்கு நடுவே காலையும் மாலையும் நடந்து நடந்து முழங்கால் இரண்டும் ஓய்ந்துபோயின. முதலாளிக்கு அவரை அனுப்ப மனசில்லை. ஆபீசுக்கு அழைத்து வந்து, "சும்மா உக்காந்திருங்கண்ணா, அது போதும்" என்றார்.

"சும்மா உக்கார்றதுக்கு என்ற ஊட்லயே நாற்காலி இருக்குதுங்க. எனக்கு ஒரு ஷெட்டு குடுங்க" என்றார் இவர்.

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். ஆபீசுக்குள் ஷெட்டுக்கு எங்கே போவது? பிரிண்டர் இருந்த சின்ன அறை கண்ணில் பட்டது. "இதப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு பேச்சுக்குத்தான் சொல்லியிருப்பார். இவர் பேச்சுக்காக எதையும் எடுத்துக்கொள்கிற ஆளில்லை.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் பிரிண்டரையே பார்த்தபடி நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எத்தனை வயசுங்க சாமி?"

"எனக்கு இருபத்தாறுங்ணா."

"உங்களைக் கேக்கலீங்க. இதுக்கு."

"அஞ்சு வருஷம் இருக்குங்ணா."

"வயசாயிருச்சு. நாளைக்கு எத்தனை போடுது?"

"முந்நூறு, நானூறு தாள் வரும்."

"பரவால்ல. கழிசல் இருக்குதா?"

கோழிக்கு வயிறு போவதைத்தான் அப்படிக் கேட்டார். சில நாள் மை ஈஷிக்கொண்டு வரும் என்றேன். "அப்ப இருக்குது" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் வந்து பார்த்தால் அறை வாசலில் ஒரு தகரத் தட்டு. அதில் ஊதா நிறத்தில் மருந்துத் தண்ணீர். பண்ணையில் ஷெட்டுக்குள் போகிறவர்கள் காலை நனைத்துக்கொண்டுதான் போவார்கள், வெளியிலிருந்து நோய் வந்துவிடக் கூடாது என்று. அதே ஏற்பாடு. காலை நனைக்காதவனுக்குப் பிரிண்ட் கிடையாது. சேலத்திலிருந்து வந்த ஆடிட்டர் ஒருவர் ஷூவைக் கழற்றிவிட்டு வெள்ளை சாக்ஸோடு அவசரமாக உள்ளே போனவர், வெளியே வரும்போது கணுக்கால் வரைக்கும் கத்தரிக்காய் நிறத்தில் வந்தார்.

"இதென்னங்க கூத்து?" என்று முதலாளியிடம் முறையிட்டார். என்னவென்று பார்க்க வந்த முதலாளி, கோழிப் பண்ணையிலேயே வளர்ந்தவர் இல்லையா, பேசிக்கொண்டே பழக்க தோஷத்தில் இரண்டு காலையும் தட்டில் நனைத்துவிட்டு உள்ளே போனார். ஆடிட்டருக்கு அதற்கு மேல் யாரிடம் போய்ச் சொல்வதென்று தெரியவில்லை.

அடுத்தது காக்கிச் சட்டை. அறைச் சுவரில் ஓர் ஆணியில் காக்கிச் சட்டை ஒன்று தொங்கும். யார் பிரிண்டரைத் தொட்டாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். "தெனம் ஒரு கலர்ல போய் நின்னா மெரண்டுக்கும் சாமி. கலவரமாச்சுன்னா அன்னைக்கு உற்பத்தி போச்சு" என்றார். பிரிண்டருக்குக் கண் எங்கே இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். அவர் சொல்கிற விதத்தைப் பார்த்தால் எனக்கே சந்தேகமாக இருந்தது. ஒருவேளை எங்காவது இருந்தாலும் இருக்கும் என்று, கேட்காமல் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலே சார்ட். பண்ணையில் ஒவ்வொரு ஷெட் வாசலிலும் ஓர் அட்டை தொங்கும். இன்றைக்கு எவ்வளவு தீவனம் போட்டோம், எத்தனை முட்டை, எத்தனை உடைசல், எத்தனை இறப்பு, என்ன மருந்து, என்ன நேரம் எல்லாம் அதில் இருக்கும். அதே அட்டையைப் பிரிண்டருக்கும் மாட்டினார். தீவனம் என்றால் வைத்த தாள். உற்பத்தி என்றால் நல்லபடியாக வந்த தாள். உடைசல் என்றால் கசங்கியது. உள்ளே மாட்டிக்கொண்ட தாளுக்குச் சிக்கல் என்று ஒரு கட்டத்தை அவரே சேர்த்துக்கொண்டார். இறப்பு என்றால் மெஷின் அடியோடு நின்றுபோனது. கடைசிக் கட்டத்தில் 'என்ன செய்தோம்' என்று எழுதுவார். ஜன்னலைச் சாத்தியது, விளக்கைப் போட்டது, நான் தும்மியது உட்பட எல்லாமே அதில் ஏறும்.

"நானு தும்முனதை எதுக்குங்ணா எழுதறீங்க?"

"எது எதுக்காகும்னு இப்பத் தெரியாதுங்க சாமி. தெரியறப்ப எழுதியிருக்கோணுமில்ல?"

இதே அட்டையை வீட்டிலும் ஒருமுறை அடுப்படியில் மாட்டியிருக்கிறார். அவர் சம்சாரம் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாராம். "அன்னைக்குப் பொழுதோட எனக்குத் தீவனமே கெடைக்கல" என்றார், சிரிக்காமல்.

இதுவரை படித்தவர்கள் அவரைப் பைத்தியம் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் பிரிண்டர் சரியாகிக்கொண்டே வந்தது. அதுதான் என் குழப்பத்துக்கெல்லாம் காரணம்.

ஒருநாள் அச்சு மங்கலாக வந்தது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெளுப்பு. மை தீர்ந்துவிட்டது, புதுசு வாங்க வேண்டும் என்றேன். அவர் மூடியைத் திறந்து மை டப்பாவை வெளியே எடுத்தார். குழந்தையை ஆட்டுவது போல் இப்படியும் அப்படியும் நாலு ஆட்டு ஆட்டி மறுபடி உள்ளே வைத்தார். அச்சு பளிச்சென்று வந்தது. இன்னும் பத்து நாள் ஓடியது.

"எப்படிங்ணா தெரிஞ்சுது?"

"தொட்டியில தீவனம் ஒரே பக்கமாக் குமிஞ்சு கெடந்தா மத்த பக்கத்துக் கோழிக்கு எப்படிக் கெடைக்கும்? ஒருக்கா கையை உட்டுக் கௌறி உடோணும்."

இன்னொரு நாள் அவசரம். லாரி நிற்கிறது. நான் பிரிண்ட் கொடுத்தேன், வரவில்லை. மறுபடி கொடுத்தேன். வரவில்லை. ஏழு தடவை அமுக்கினேன். சரசு அக்காவும் தன் பங்குக்கு அவர் கம்ப்யூட்டரிலிருந்து அமுக்கினார். மெஷின் செத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. நாலாம் ஷெட்டார் உள்ளே வந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"ஏஞ் சாமி, போடு போடுன்னு ஏழு தடவை சொன்னா கோழி ஏழு முட்டை போடுமா? போடற முட்டையும் உள்ளயே நின்னுக்கும்."

எல்லாரையும் வெளியே அனுப்பினார். மெஷினை அணைத்தார், விளக்கை அணைத்தார், கதவைச் சாத்தினார். நான் அமுக்கிய ஏழு பிரிண்டையும் அக்கா அமுக்கியதையும் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கச் சொன்னார். பத்து நிமிஷம் கழித்து விளக்கைப் போட்டு, மெஷினைப் போட்டு, ஒன்றே ஒன்று கொடுக்கச் சொன்னார். வந்துவிட்டது. பின்னால் சேலத்து மெக்கானிக்கிடம் இதைச் சொன்னபோது, "கரெக்டுதானே சார், வரிசையில சிக்கிக்கிட்டா அதான் செய்யணும்" என்று சாதாரணமாகச் சொன்னார். இருட்டு எதற்கு என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை.

மூன்றாவதுதான் என்னை அடியோடு சாய்த்தது. தாள்களில் ஒரு கறும்புள்ளி வர ஆரம்பித்தது. மெஷினின் உள்பக்கத்தைத் துடைத்தேன், போகவில்லை. இவர் கெட்டுப்போன தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பி, அதன் நடுவே கஷ்டப்பட்டு உட்கார்ந்தார். முகர்ந்தும் பார்த்தார். "எச்சத்தைப் பாத்தாத்தான் நோவு தெரியும்" என்றார். பிறகு விரலை வைத்து அளந்தார்.

"பாருங்க, நாலு வெரக்கடைக்கு ஒரு புள்ளி. மறுக்கா நாலு வெரக்கடை, மறுக்கா ஒரு புள்ளி. உள்ள ஏதோ ஒண்ணு உருண்டுக்கிட்டே இருக்குது. அது ஒரு சுத்து சுத்தறதுக்கு நாலு வெரக்கடை. அதும் மேல காயம்."

மெக்கானிக் வந்து திறந்தார். உள்ளே ஓர் உருளையில் நகக்கீறல் அளவுக்கு ஒரு தழும்பு. மெக்கானிக் என்னைத் தனியாக அழைத்துப்போய், "அவரு எந்தக் கம்பெனியில சார் இருந்தாரு?" என்று கேட்டார். நாலாம் ஷெட்டில் என்றேன். அது ஜப்பான் கம்பெனியா என்றார்.

இப்படியே போயிருந்தால் இதை நான் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. கோடை வந்தது.

மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று டீக்கடையில் தினமும் விசாரிக்கிற பருவம். பிரிண்டர் திடீரென்று தாளைக் கடிக்க ஆரம்பித்தது. முதலில் நாளைக்கு இரண்டு சிக்கல். பிறகு ஐந்து. பிறகு பன்னிரண்டு. வெளியே வருகிற தாளும் ஓரம் சுருண்டு அப்பளம் மாதிரி வந்தது. லாரிகள் தாமதமாகக் கிளம்பின. கேரளாவிலிருந்து போன் வந்தது. முதலாளி ஒருநாள் எங்களைக் கூப்பிட்டார்.

"சேலத்துல ஒரு கம்பெனிக்காரங்க மாச வாடகைக்குப் புது மெஷின் தர்றாங்களாம். ரிப்பேர் பாக்க அவங்க ஆளே வருவானாம். பத்து நாள் பாக்கறேன். சிக்கல் கொறஞ்சா சரி. இல்லைன்னா அதையே போட்டுரலாம்." பிறகு நாலாம் ஷெட்டார் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "அப்புறம் நீங்களும் எதுக்குங்ணா அந்தக் காலை வெச்சுக்கிட்டு அலையறீங்க, ஊட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார்.

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அவர் முகம் விழுந்துவிட்டது. அறைக்கு வந்ததும் என்னிடம், "ஊட்டுக்குப் போனா ரெண்டு நாள்ல அவளுக்கு நான் இடைஞ்சல். மூணாம் நாள் எனக்கே நான் இடைஞ்சல். பத்தொம்பது வருஷம் ஆயிரக்கணக்குல உசுரைப் பாத்துட்டு, சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரச் சொன்னா எப்படிங்க சாமி?" என்றார். அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பத்து நாள்தான் கணக்கு.

அவர் முழு மூச்சாக வைத்தியத்தில் இறங்கினார். கோடையில் கோழிக்கு என்ன செய்வார்கள்? ஷெட்டைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுவார்கள். இவரும் ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டினார். ஜில்லென்று காற்று வந்தது. நாங்கள்கூட அந்த அறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவோம். ஆனால் சிக்கல் கூடியது. இரண்டு சாக்கு நாலு சாக்கானது. சிக்கல் இன்னும் கூடியது. ஒரு மத்தியானம், வெளியே வந்த தாளிலிருந்து லேசாக ஆவி பறப்பதைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"பாத்தீங்களா? காச்சல்! உள்ள கொதிக்குது!"

சாக்கு போதாதென்று பண்ணையிலிருந்து புகை மாதிரி தண்ணீர் அடிக்கிற குழாய் ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு வெளியே மாட்டினார்.

மெக்கானிக்கை இரண்டு முறை வரவழைத்தோம். இதில்தான் பெரிய குழப்பம். மெக்கானிக் இருக்கும்போது மெஷின் ஒரு சிக்கல்கூட இல்லாமல் ஓடும். நூறு தாள் விட்டுப் பார்ப்பார், வழவழவென்று வரும். "ஒண்ணுமில்லையே சார்" என்று அவர் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, பைக்கை எடுத்து சேலம் போய்ச் சேர்வதற்குள் இங்கே தாள் சிக்கியிருக்கும்.

"புது ஆளைப் பாத்தா அடங்கிக்கும். பழகுனவங்க கிட்டத்தான் வேலையைக் காட்டும்" என்றார் நாலாம் ஷெட்டார். எனக்கு அதுவும் நியாயமாகவே பட்டது.

ஒன்பதாம் நாள் அட்டையைப் பார்த்தேன். சிக்கல், முப்பத்தொன்று. அவர் டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்ததும் மெதுவாகச் சொன்னேன்: "ஏனுங்ணா, இந்த முப்பத்தொண்ணை ஒரு ஆறுன்னு போட்டா என்ன? மொதலாளி அட்டையைத்தானே பாப்பாரு?"

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"செத்த கோழியை உசுரோட இருக்குதுன்னு எழுதச் சொல்றீங்களா? இன்னைக்கு நான் அப்படி எழுதுனா நாளைக்கு நோவு என்னன்னு யாருக்குங்க தெரியும்? ஊட்டுக்குப் போறேன், சுவத்தைப் பாக்கறேன், பரவால்ல. அட்டையில பொய் ஏறக் கூடாது."

நான் அட்டையை ஆணியிலேயே மாட்டினேன்.

பத்தாம் நாள் முதலாளி வந்தார், தட்டில் கால் நனைத்துக்கொண்டு. கூடவே வாடகை மெஷின்காரர், கையில் ஒப்பந்தத்தோடு. "படிங்கண்ணா" என்றார் முதலாளி. நாலாம் ஷெட்டார் அட்டையை எடுத்து நின்றபடி படிக்க ஆரம்பித்தார்.

"திங்கக்கெழமை. பதினோரு மணி, சாக்கு நனைச்சுது. பதினொன்ற மணி, சிக்கல் நாலு. ரெண்டு மணி, சாக்கு நனைச்சுது. ரெண்டரை, சிக்கல் அஞ்சு. செவ்வாக்கெழமை. பத்து மணி, மெக்கானிக்கு வந்தாப்ல. ஒறம்பரை விருந்தாளி வர்றப்ப ஈரச் சாக்கு தொங்குனா நல்லா இருக்காதுன்னு கழட்டி வெச்சு, புதுக் கட்டுத் தாளு வெச்சுது. சிக்கல் இல்லை. பன்னண்டு மணி, மெக்கானிக்கு போனாப்ல. சாக்கு மறுக்காக் கட்டுனது. பன்னண்டரை, சிக்கல் ஏழு. புதங்கெழமை. சாக்கு நனை..."

நின்றுவிட்டார். இன்னொரு முறை மேலிருந்து விரலை வைத்துக் கீழே வந்தார். பிறகு ஜன்னல் ஓரம் போய், அங்கே அடுக்கியிருந்த தாள் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஈரம்" என்றார். "தீவனத்துல ஈரம் ஏறிப்போச்சுங்க. ஈரத் தீவனத்தைப் போட்டா எந்தக் கோழிதான் தாங்கும்? காச்சலு இல்லீங்க அது, தாள்ல இருந்த தண்ணிதான் ஆவியாயிருக்குது." முதலாளி பக்கம் திரும்பினார். "மெஷினுக்கு ஒரு நோவும் இல்லீங்க. நாந்தானுங்க நோவு. நானே பண்ணிப் போட்டேன்."

வாடகை மெஷின்காரர் ஒப்பந்தத்தைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சாக்கைப் பார்த்தேன்.

முதலாளி அட்டையைக் கையில் வாங்கி மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தார். பிறகு மெஷின்காரரிடம், "நீங்க கெளம்புங்க, வேணும்னா போன் பண்றேன்" என்றார். சாக்கை அவிழ்த்துப் போட்டு, ஸ்டோரிலிருந்து புதுத் தாள் கட்டைப் பிரித்து வைத்தோம். வெண்ணெயில் இறங்கின கத்தி மாதிரி ஓடியது. எல்லாம் முடிந்தது, அவரும் தப்பித்தார் என்று நான் மூச்சு விட்டேன்.

அவர் விட வேண்டுமே!

"நோவு வந்த ஷெட்டைப் பதினஞ்சு நாள் காலியாப் போடறது வழக்கமுங்க" என்றார் முதலாளியிடம். "இங்க ஷெட்டுல நோவு இல்லை, ஆளுகிட்டத்தான். அதனால நான் பதினஞ்சு நாள் தள்ளி நிக்கோணும். பதினாறாம் நாள் வந்து அட்டையைப் பாக்கறேன். நான் இல்லாம ஒரு சிக்கலும் வல்லீன்னா, இந்த ஷெட்டுக்கு நான் தேவையில்லைன்னு அர்த்தம். ஊட்டோட இருந்துக்கறேன்."

முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. அட்டையை என் கையில் கொடுத்து, "உள்ளது உள்ளபடி எழுதுங்க சாமி" என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அந்தப் பதினைந்து நாளில் பிரிண்டர் செய்த துரோகத்தை எப்படிச் சொல்வது? ஒரு சிக்கல் கிடையாது. ஒரு புள்ளி கிடையாது. முதல் நாள் சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஏழாம் நாள், சிக்கல் என்ற கட்டத்தில் முட்டை போடும்போது எனக்கு அந்த மெஷின்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷமாக லாரி நிற்கும்போதெல்லாம் மக்கர் பண்ணினாயே, இப்போது ஒன்று பண்ணினால் என்ன?

அறையில் ஆளில்லாமலே நாங்கள் எல்லாரும் தட்டில் கால் நனைத்தோம். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டோம். சரசு அக்கா ஒருமுறை இரண்டு தரம் பிரிண்ட் கொடுத்துவிட்டு, யாராவது திட்டுவார்கள் என்று திரும்பிப் பார்த்தார். யாரும் திட்டவில்லை. அக்காவுக்கு அன்று முழுக்க ஒன்றும் ஓடவில்லை. முதலாளி தினமும் மூன்று தடவை எட்டிப் பார்த்து, "நல்லா ஓடுதா?" என்பார். ஓடுதுங்க என்பேன். "ஹூம்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார். மெஷின் நன்றாக ஓடுவதற்காக ஓர் ஆபீஸ் முழுக்கத் துக்கம் கொண்டாடியதை அங்கேதான் பார்த்தேன்.

பதினாறாம் நாள் காலை எல்லாருக்கும் முன்னால் ஆபீசுக்குப் போனேன். செய்தது தப்புதான், மறைக்கவில்லை. அட்டையில் நான் ஒரு பொய்யும் எழுதவில்லை. ஆனால் மெஷினின் பின்கதவைத் திறந்து, ஒரு தாளை நாலாக மடித்து, உருளைக்குப் பக்கத்தில் செருகிவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல் வந்து உட்கார்ந்தேன். செருகும்போது உள்ளே கொஞ்சம் நெருக்கமாக இருந்தது. அவசரத்தில் கவனிக்கவில்லை.

ஒன்பதரைக்கு அவர் வந்தார். தட்டில் கால் நனைத்தார். அட்டையைக் கையில் எடுத்து, பதினைந்து சுழியையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார்.

"நல்லது சாமி" என்றார். "ஷெட்டு சுத்தமா இருக்குது." அட்டையை ஆணியில் மாட்டினார். காக்கிச் சட்டையை ஒருமுறை உதறி மடிக்கப் போனார்.

"இன்னைக்கிது இன்னும் எழுதலீங்ணா" என்றேன். "ஒரே ஒரு தாள் உட்டுப் பாத்துட்டுப் போங்க."

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினார். மெஷின் கர்ரென்று உறுமி, இருமி, நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. அப்போதுதான் கவனித்தேன், வாசலில் சரசு அக்கா நிற்கிறார். அவருக்குப் பின்னால் முதலாளி. யாரும் கூப்பிடாமலே.

நாலாம் ஷெட்டார் பின்கதவைத் திறந்து கையை விட்டார். என் தாள் வந்தது. கையை மறுபடி விட்டார். ஸ்டோர் நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள் ஒன்று வந்தது. இன்னும் உள்ளே விட்டுத் துழாவினார். கம்பெனி முத்திரை போட்ட, முதலாளி மட்டுமே எழுதுகிற கெட்டித் தாள் ஒன்று, சாணி உருண்டை போல் கசங்கி வந்தது. முதலாளி கூரையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்து, நீவிப் பார்த்தார். முகர்ந்து பார்க்கவில்லை. பிறகு அட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்தார். அந்த அட்டையில் அவர் பொய் எழுத மாட்டார் என்று எனக்குத்தான் தெரியுமே.

எழுதி முடித்து ஆணியில் மாட்டியதும் எட்டிப் பார்த்தேன். 'சிக்கல் ஒன்று. மெஷினுக்கு நோவு இல்லை. நோவு ஆபீசு முழுக்கப் பரவியிருக்குது. ஆள் கூடவே இருக்கோணும்.'

நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலை நீவிக்கொண்டே உட்கார்ந்தார். "என்னங்க நின்னுக்கிட்டு? போய் அவங்கவங்க வேலையைப் பாருங்க சாமி" என்று ஓர் அதட்டல் போட்டார். திட்டு வாங்கி எத்தனை நாளாகிவிட்டது! எனக்கு இருந்த சந்தோஷத்தில் லாரிக் காகிதத்தை அச்சடிக்கவே மறந்துபோனேன். அன்றைக்குக் கேரளா லாரி ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் கிளம்பியது. முதலாளி உட்பட ஒருவர்கூட அதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை.